சில்லு மோட்டாரா, நடு மோட்டாரா? மட்டக்களப்பிலிருந்து மேற்கே ஒரு மின்சைக்கிள் நாள்

விடுமுறைக்கு மட்டக்களப்பு வருகிறவர்கள் மின்சைக்கிளில் ஒரு முழுநாள் சுற்ற விரும்பினால், எந்த வண்டி என்று கேட்பதற்கு முன் எந்தப் பக்கம் போகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். வாவியைத் தாண்டினால் படுவான்கரை; வயலும் குளமும் நடுவே தனித்தனிப் பாறைக் குன்றுகளும். செங்கலடி–பதுளை வீதியிலோ மகா ஓயா, பிபிலை தாண்டியதும் லுணுகலை, பசறைப் பக்கம் வீதி மலையேறத் தொடங்கிவிடுகிறது. ஒரு நிலத்துக்குப் பொருந்தும் வண்டி மற்றதற்குப் பொருந்துவதில்லை.

சில்லு மோட்டார் பெரும்பாலும் பின்சில்லின் அச்சிலேயே இருப்பது. நடு மோட்டார் மிதிகளின் அச்சில் இருந்துகொண்டு செயின் வழியாகச் சில்லைச் சுழற்றுவது. வித்தியாசம் முழுவதும் அந்தச் செயினில்தான். ஏற்றத்தில் நீங்கள் கியரைக் குறைத்தால் நடு மோட்டாருக்கும் பாரம் குறைகிறது. அது தனக்கு வசதியான வேகத்தில் சுழன்றுகொண்டே ஏறும். சில்லு மோட்டாருக்குக் கியரோடு எந்த உறவும் இல்லை. நீண்ட ஏற்றத்தில் வண்டி மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீற்றருக்கு இறங்கிவிட்டால் அதன் முனகல் கனத்துவிடும், மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகவே போய்விடும். மேலே போய் நிறுத்தி மோட்டார் மூடியைத் தொட்டால் கையை உடனே எடுத்துவிடுவீர்கள்.

பற்றரிக் கணக்கையும் பார்ப்போம். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்றால், 100 மீற்றர் உயரம் ஏறுவதற்குச் சுமார் 27 வாட்-மணி வேண்டும். மோட்டாரின் இழப்பையும் சேர்த்து 35 என்று வைத்துக்கொள்ளலாம். 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி பற்றரியில் இருப்பது 504 வாட்-மணி. ஆகவே சிறு மேடுகளுக்குப் பயப்படத் தேவையில்லை. படுவான்கரையில் பற்றரியைத் தின்பது கச்சான் காற்றுதான். ஆனி, ஆடியில் மேற்கே போகிறவரின் முகத்தில் அடிக்கும் அந்த வறண்ட காற்று, வெட்டவெளி வயல் வீதியையே ஓர் ஏற்றமாக்கிவிடும். இறக்கத்தில் பற்றரி திரும்ப நிரம்பும் என்று விற்பவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்: நடு மோட்டாரிலும் உள்ளே பற்சக்கரம் வைத்த சில்லு மோட்டாரிலும் பொதுவாக அது நடப்பதில்லை.

ரயரில் காற்றுப் போனால் சில்லு மோட்டார் பெரிய தொல்லை என்று பலரும் எழுதுகிறார்கள். பின்சில்லைக் கழற்ற மோட்டார் வயரைப் பிரிக்க வேண்டும், பெரிய நட்டுக்கேற்ற ஸ்பேனரும் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் ஒட்டுப் போடச் சில்லைக் கழற்றுவதே இல்லை. ரயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் நெம்பி, ரியூப்பை வெளியே இழுத்து, தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைப் பிடிப்பார். உரசி, பசை தடவி, ஒட்டி, உள்ளே தள்ளிவிடுவார். நடு மோட்டாருக்கு வரும் கேடு வேறு. மோட்டாரின் இழுவை முழுவதையும் செயின் தாங்குவதால் அது சீக்கிரம் தேயும்; அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் அறுந்தும் போகும். செயின் இணைப்பு ஒன்று பையில் இருக்கட்டும்.

நடு மோட்டார் வண்டிகள் பெரும்பாலும் நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று அளந்து உதவும். மலிவான சில்லு மோட்டார் வண்டி, மிதி சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்துத் தள்ளும். கிரவல் வீதியில் அந்தத் திடீர்த் தள்ளல் பின்சில்லைச் சறுக்க வைக்கும். மின் ஸ்கூட்டர் இந்தப் போட்டியிலேயே இல்லை. பற்றரி தீர்ந்தால் அதை மிதிக்க முடியாது, தள்ளத்தான் வேண்டும்.

2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தைக் கும்பிட்டு, தாந்தாமலை முருகன் கோயில்வரை போய்வர என் தேர்வு சில்லு மோட்டார். அதற்கு மேல் செலவழிப்பது வீண். அம்பாறையிலிருந்து இங்கினியாகலைக்குப் போய்ச் சேனாநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டைப் பார்ப்பதற்கும் அதுவே தாராளம். இரண்டு வழியும் யானை நடமாடும் பக்கம். ஓசையில்லாத வண்டி வருவது யானைக்கும் தெரியாது, யானை நிற்பது வளைவு திரும்பும்வரை உங்களுக்கும் தெரியாது. வெயில் சாய்வதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும்.

பிபிலையிலிருந்து லுணுகலைக்கு ஏறுவதென்றால் நடு மோட்டார்தான், பேரமே வேண்டாம். சைக்கிளை வான் வண்டியில் ஏற்றிப் பிபிலைவரை கொண்டுபோய், அங்கிருந்து மிதியுங்கள். பற்றரி முழுவதும் மலைக்கே கிடைக்கும். திரும்பி இறங்கும்போது அந்த மோட்டார் உதவாது. இருபத்தைந்து கிலோ வண்டியையும் உங்களையும் பிடித்து நிறுத்துவது டிஸ்க் பிரேக் மட்டும்தான். வாடகைக்கு எடுக்கும்போதே பிரேக் கட்டைகளின் தடிப்பைக் குனிந்து பாருங்கள். தேய்ந்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள்.