திடீரென்று அணையும் கார்: ஸ்கேனரா, மல்டிமீட்டரா?

நன்றாக ஓடுகிற கார் திடீரென்று அணைந்துவிடும். அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். இதன் காரணத்தைக் கண்டுபிடிக்க, காரின் கம்ப்யூட்டரில் உள்ள தகவலைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் வாங்குவதா, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வாங்குவதா?

காரின் கம்ப்யூட்டரில் கோடு (கோளாறைக் குறிக்கும் எண், எரர் கோட்) பதிவாகியிருந்தால், அந்த நேரத்தில் இருந்த வேகம், சூடு எல்லாவற்றையும் ஸ்கேனரில் பார்க்கலாம். பி0335 என்றால், இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு. உடனே சென்சாரை மாற்றிவிடாதீர்கள். கனெக்டர் தளர்ந்திருந்தாலும் அதே கோடுதான் வரும். கோடே இல்லையா? சரி, லைவ் டேட்டாவை, அதாவது ஸ்கேனரில் அந்தந்த நொடியில் வரும் அளவுகளைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் சுற்றியும் ஆர்பிஎம் (சுற்று வேகம்) பூஜ்யத்திலேயே நின்றால் அந்த சென்சார் மீது சந்தேகம் வலுக்கும். சூட்டில் செத்து, ஆறியதும் பிழைப்பது அதன் வழக்கம்.

செல்ஃபே சுற்றாமல் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றால் நான் முதலில் எடுப்பது மல்டிமீட்டர்தான். ஓய்வில் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மீது சந்தேகம். அப்புறம், ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றொன்றை இன்ஜின் உடம்பிலும் வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் ஒயரில் கோளாறு. பச்சை பூத்த அந்த ஒயரை ஸ்கேனர் காட்டாது.

ஓடும்போது அணைகிற காருக்கு ஸ்கேனர், செல்ஃப் சுற்றாத காருக்கு மல்டிமீட்டர் என்பேன். பெட்ரோல் பம்ப் விஷயம் வேறு. கரண்ட் வருகிறதா என்பதை மீட்டர் சொல்லும். அழுத்தம் இருக்கிறதா என்று பிரஷர் கேஜ் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.