உப்புக்காற்றில் ஒரு ஏர் ரைபிள்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. ஜன்னல் கம்பி, கேட்டின் கீல், சைக்கிள் செயின் என்று இரும்பாக எது இருந்தாலும் இங்கே வருஷத்துக்கு ஒருமுறையாவது பெயின்ட்டோ எண்ணெயோ கேட்கும். அப்படிப்பட்ட வீட்டில் சில வருஷமாக ஒரு 0.177 அங்குல ஏர் ரைபிள் வைத்துப் புழங்குகிறேன். பேரலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் வகை, மரக்கட்டை, இந்தியத் தயாரிப்பு. கடையில் எல்லாரும் கேட்பது "எவ்வளவு தூரம் போகும்?" என்றுதான். நம்ம ஏரியாக்காரர் கேட்க வேண்டியது "ஐப்பசி, கார்த்திகை தாங்குமா?" என்று.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் (அதுதான் இந்த 0.177 அங்குலம்), குண்டின் வேகம் தரும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேல் போகாத ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். கடையில் அடையாள அட்டை நகல் கேட்பார்கள், கொடுக்க வேண்டியதுதான். அதற்காகக் கொக்கு, புறா என்று கிளம்பினால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நான் சுடுவது மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்த மணல் பெட்டியில் ஒட்டிய காகிதத்தை மட்டும். வெறும் செங்கல் சுவரில் சுட்டால் ஈயக் குண்டு திரும்பி முகத்துக்கே வரும். மணல் அதை விழுங்கிவிடும்.

சரி, துருவுக்கு வருவோம். மழையில் நனைந்துதான் துப்பாக்கி கெடும் என்று பலர் நினைக்கிறார்கள். மழைத்தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், உடனே துடைத்துவிடுவோம். நம்மை ஏமாற்றுவது காற்றில் வருகிற உப்பு. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீர் இழுத்துக் கசியும். அடைமழை நாளில் சமையலறை உப்பு ஜாடியைப் பார்த்தால் புரியும். பேரலில் படிந்த உப்புத் துகளும் அதையேதான் செய்கிறது. மே மாதத்திலும் மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்துவிடுவதால், கோடைதானே என்று விட்டுவிட முடியாது. பேரலில் இருக்கும் கருநீலப் புளூயிங் துருவைத் தடுக்கும் பெயின்ட் இல்லை. எண்ணெயைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கை வியர்வையிலும் உப்புதான். வீட்டுக்கு வந்த பையன் ஒருவன் ஆசையாகத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தான். அந்த வாரக் கடைசியில் பார்த்தால் பேரல் மடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவன் கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, செம்பழுப்பில் பதிந்திருந்தது. மெல்லிய ஸ்டீல் உல்லில் எண்ணெய் தொட்டுத் தேய்த்ததும் துரு போனது, கூடவே அந்த இடத்துக் கருப்பும் வெளுத்தது.

கூடவே கொடுத்த ரெக்சின் உறையைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. பார்க்க ஜோர். பஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்பை அணைத்தபடியே கிடக்கும். எடுத்துப் போக மட்டும் அது போதும். வீட்டில் துப்பாக்கி, பேரல் எதிலும் உரசாமல், பூட்டிய ஸ்டீல் பீரோவுக்குள் நிற்கிறது. பீரோவின் அடியில் இரண்டு துணிப்பையில் சிலிக்கா ஜெல். பாரிமுனையில் கெமிக்கல் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும். நீல நிற வகை ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். அடி கனமான வாணலியில் சிறு தீயில் புரட்டினால் மறுபடி நீலமாகும். அந்த நீலத்தில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமைக்கிற வாணலி வேண்டாம். வீட்டில் அம்மா இதை ஒருமுறை பார்த்ததிலிருந்து எனக்கென்று தனி வாணலி ஒதுக்கப்பட்டுவிட்டது.

ஏசி அறையில் வைத்தால் துரு வராது என்பது பாதி உண்மைதான். அங்கே காற்று உலர்ந்திருக்கும், சரி. ஆனால் குளிர்ந்த பேரலை நேராக மாடிக்குக் கொண்டுபோனால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலுக்கு நேர்வது அதற்கும் நேரும். பென்சில்வேனியாவில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன் இதைக் கேட்டதும் சிரித்தார். அங்கே கிறிஸ்துமஸுக்குப் பிறகு சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்றே ஒரு மான் சீசன் உண்டு. அண்ணன் உடன் வேலை செய்பவர்களோடு போய்ப் பார்த்திருக்கிறார். பனியில் அலைந்த துப்பாக்கியைக் கணப்பு மூட்டிய அறைக்குள் கொண்டுவந்தால் உலோகம் வியர்த்து, உள்ளே கெட்டித்திருக்கும் கருமருந்து ஈரமாகிவிடும். அதனால் பற்றவைக்கிற மருந்தைக் கிண்ணத்திலிருந்து கொட்டிவிட்டு, துப்பாக்கியைக் குளிரிலேயே பத்திரப்படுத்துவார்களாம். தூறல் நாளில் கிண்ணத்து விளிம்பில் தேன்மெழுகு, பொறி கிளப்பும் பூட்டுப் பகுதியின் மேல் தோல் மூடி, குழல் வாயில் டேப். அப்படியும் அந்த மருந்தைப் பகலில் பலமுறை மாற்ற வேண்டும். கல் உரசும் எஃகில் எண்ணெய்ப் பசை இருந்தால் பொறி சரியாக விழாது என்பதால் அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். இத்தனை பாட்டுக்கு நம் துப்பாக்கி எவ்வளவோ தேவலை. ஏசி அறையிலிருந்து எடுத்தால் அரைமணி நேரம் உறையோடு ஹாலில் வைத்துவிட்டுப் பிறகு திறந்தால் போதும்.

எண்ணெய் விஷயத்தில் கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். "பேரல் மடங்குகிற இடத்தில் ஒரு ஓட்டை தெரியுது பாருங்க, மாசம் நாலு சொட்டு மிஷின் எண்ணெய் விடுங்க" என்றுதான் எனக்கும் சொன்னார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் பிஸ்டன் அழுத்திய காற்று பேரலுக்குப் போகிறது. கண நேரத்தில் நசுங்கும் காற்று கொதிக்கும் சூடாகிறது. அங்கே பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் டீசல் இன்ஜினில் போலவே பற்றிக்கொள்ளும். வழக்கமான 'டப்' போய் 'பட்டீர்' என்று சத்தம், பேரல் வாயில் நீலப் புகை, கருகிய வாடை. பவர் கூடிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். அடி வாங்குவது பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் வாஷரும் ஸ்பிரிங்கும். தோல் வாஷர் உள்ள மாடல் காய்ந்துபோனால் மட்டும் எப்போதாவது ஓரிரு சொட்டு சிலிக்கான் எண்ணெய். வெளிப்புறத்துக்குத் தையல் மிஷின் எண்ணெயே தாராளம். பழைய பனியன் துணியில் தொட்டுத் துடைத்தால், விரலில் பிசுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாக இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகிவிடுகிறது.

குண்டு டப்பாவையும் மறக்க வேண்டாம். ஈரம் பட்ட ஈயக் குண்டில் வெள்ளைப் பொடி பூக்கும். பூத்த குண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மழைக்காலத்தில் குண்டு ஒரு பக்கமாக விலகத் தொடங்கினால் குறி பார்க்கும் சைட்டைத் திருகும் முன் கட்டையின் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். மரம் ஊதிச் சுருங்குவதில் அவை தளர்கின்றன. என்னுடையதில் பாதி விலகல் இதனால்தான் வந்தது. லோடு செய்து பேரலை மடக்கியபடியே மணிக்கணக்கில் வைத்தால் ஸ்பிரிங் சோர்ந்துபோகும், பாதுகாப்பும் இல்லை.

இன்றைய நிலவரம்: பேரல் உள்ளே சுத்தம், ஸ்பிரிங் பழையதேதான், வெளியே அந்த ரேகை இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. பின் சைட்டின் அடியில் ஒரு சின்ன ஊசி இருக்கிறது, துணி எட்டாத இடம். அது துரு பிடித்து இறுகிவிட்டதால் உயரத்தை மாற்ற முடியவில்லை. மழை விட்டதும் மெக்கானிக்கிடம் கொடுத்துத் தட்டி எடுத்து, துருப்பிடிக்காத ஸ்டீல் ஊசி போடச் சொல்ல வேண்டும்.