ஓசூர் பட்டறை 75 வாட் சோலார் செட்: மலை ஊர் வீட்டுக்குத் தாங்குமா?

தேன்கனிக்கோட்டைக்கு மேலே பெட்டமுகிலாளம் பக்கத்துக் குக்கிராமங்களிலும் அரூரிலிருந்து ஏறுகிற சித்தேரி மலையிலும் சோலார் லைட் புதிதல்ல. கூரை மேல் நல்ல பேனலும் வீட்டு மூலையில் செத்த பேட்டரியுமாக இருக்கிற வீட்டை அங்கே தேட வேண்டியதில்லை. பேனல் இருபது வருடம் உழைக்கும். ஆனால் பேட்டரிக்குப் போகிற சார்ஜைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலரில், மாஸ்ஃபெட் என்கிற சின்ன ஸ்விட்ச் பாகம் ஒன்று போனால் மொத்த செட்டும் படுத்துவிடும், அதை மாற்றித் தருகிறவர் எங்கோ வடக்கே இருப்பார். அதனால் இந்த செட்டை வெளிச்சத்தை மட்டும் வைத்து எடை போடவில்லை. கெட்டால் யார் கைக்குப் போகும், எத்தனை நாளில் திரும்பும் என்பதுதான் முதல் கேள்வி.

ஓசூரில் ஒரு சின்னப் பட்டறை கட்டித் தருகிற செட் இது. பொருத்துக் கூலியோடு 16,500 ரூபாய், மலை ஏற்றுகிற வண்டி வாடகை தனி. 75 வாட் பேனல், 12.8 வோல்ட் 24 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 10 ஆம்பியர் கன்ட்ரோலர், 5 வாட் எல்இடி விளக்கு மூன்று, 14 வாட் டிசி ஃபேன் ஒன்று, மொபைல் சார்ஜ் போட ஒரு பாயின்ட். அவ்வளவுதான்.

'உள்ளூர்த் தயாரிப்பு' என்றால் எல்லாமே ஓசூரில் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். பேட்டரி செல் சீனாவிலிருந்து வருகிறது. பேனலும் ஃபேனும் வாங்கிப் போடுபவை. பட்டறை செய்வது தகரப் பெட்டி, ஒயரிங், கன்ட்ரோலர் போர்டு, விளக்குக்குக் கரண்டை அளந்து விடுகிற டிரைவர் போர்டு, செல்களைச் சேர்த்து பேட்டரி கட்டுவது. பழுது வருவதும் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் என்பதால், இவை பக்கத்தில் செய்யப்படுவதே பெரிய லாபம்.

பெட்டியின் மூடியில் நான்கு ஸ்க்ரூ, எல்லாம் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ. மூடியின் உள்பக்கம் சர்க்யூட் படம், சீரியல் நம்பர், கட்டிய தேதி ஒட்டிய தாள். ஓசூரில் வண்டி கம்பெனிகளுக்கு ஹார்னஸ் என்கிற ஒயர்க் கட்டு கட்டிப் பழகிய கைகளின் வேலை உள்ளே தெரிகிறது: ஒயர் ஒவ்வொன்றும் நிறம் பிரித்து, முனையில் லக் என்கிற உலோகத் துண்டு வைத்து அழுத்தி, ஸ்லீவ் போட்டிருக்கிறார்கள். முறுக்கிச் செருகிய ஒயர் ஒன்றுகூட இல்லை. ஃபியூஸும் கண்ணாடிக் குழாய் வகை இல்லை, டூவீலரில் வருகிற சிவப்பு 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ். கண்ணாடி ஃபியூஸின் ஹோல்டர் ஸ்பிரிங் நாளாக நாளாகத் தளர்ந்து, சூடாகி, பிளாஸ்டிக்கை உருக்கும். பிளேடு ஃபியூஸ் எந்த மெக்கானிக் கடையிலும் கிடைக்கும்.

கணக்குக்கு வருவோம். மூன்று விளக்கும் ஐந்து மணி நேரம் எரிந்தால் 75 வாட்-அவர். ஃபேன் ஆறு மணி நேரத்துக்கு 84. மொபைலுக்கு ஒரு 10. ஆக ஒரு ராத்திரிச் செலவு 169. பேட்டரி முழுசாக 307 வாட்-அவர், அதில் 80 சதவீதம் எடுத்தால் 245. தாராளம். வரவுப் பக்கம், வெயில் நாளில் நாலரை மணி நேர முழு வெயில் என்று வைத்து இழப்பெல்லாம் கழித்தால் 75 வாட் பேனல் 200-க்குக் குறையாமல் தரும். ஐப்பசி, கார்த்திகையில் மூடிப்போட்ட மேகம் மூன்று நாள் நின்றால் வரவு பாதிக்குக் கீழே இறங்கும். அப்போது ஃபேனை நிறுத்திவிட்டால் விளக்கும் போனும் ஓடும். குளிர்கிற அந்த மாதங்களில் மலை மேல் ஃபேன் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால் இந்த அளவு சரியான தேர்வு.

டிவி, மிக்சி இதில் ஓடாது. 2017-ல் வந்த சௌபாக்யா திட்டத்தில், லைன் இழுக்க முடியாத வீடுகளுக்கு 200 முதல் 300 வாட் பேனல், ஐந்து எல்இடி, ஒரு டிசி ஃபேன், ஒரு பிளக், ஐந்து வருடப் பராமரிப்பு என்று வகுத்திருந்தார்கள். அதோடு ஒப்பிட்டால் இது சின்ன செட். இரண்டு அறை வீட்டுக்கு மேல் இதை நம்பக் கூடாது.

இந்தப் பட்டறையை மதிக்க வைப்பது ஒரு கெப்பாசிட்டர், மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கி வைக்கிற சின்னப் பாகம். முதலில் வந்த செட்களில் மூன்று விளக்கும் ஒரே நாளில் சேர்ந்து போய்விடும். காரணம் விளக்கில் இல்லை. ஒரு செல் மட்டும் மற்றவற்றுக்கு முன்னால் நிறைந்துவிட்டால், பேட்டரிக்குள் செல்களைக் காவல் காக்கிற பிஎம்எஸ் போர்டு சார்ஜைத் துண்டிக்கும். அந்த நொடியில் பேனலின் 21, 22 வோல்ட் பிடிக்க ஆளில்லாமல் கன்ட்ரோலர் வழியே நேராக விளக்குக்குப் பாயும். டிரைவரில் இருந்ததோ 16 வோல்ட் வரைதான் தாங்கும் கெப்பாசிட்டர். உப்பி வெடிக்காமல் என்ன செய்யும்? கருகிய டிரைவர்கள் பட்டறைக்குத் திரும்பி வந்தன, அடுத்த சரக்கிலேயே 35 வோல்ட் கெப்பாசிட்டர் ஏறிவிட்டது. சார்ஜ் நிற்கிற அளவையும் 14.2 வோல்ட்டுக்கு இறக்கினார்கள். தூரத்து கம்பெனியிடம் இதே புகார் போயிருந்தால் அதே மாதிரி இன்னொரு விளக்குதான் கூரியரில் வந்திருக்கும். மூடித் தாளில் தேதி இருப்பதால், எது பழைய சரக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கையில் பழைய செட் வந்தால் டிரைவரை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இன்னும் திருந்தாதது ஒயர். பேனலிலிருந்து பெட்டி வரை பத்து மீட்டருக்கு 1 ஸ்கொயர் (1 சதுர மில்லிமீட்டர்) ஒயர் கொடுக்கிறார்கள். இந்தப் பேனல் உச்சி வெயிலில் 4.2 ஆம்பியர் தரும். போக, வர இருபது மீட்டரில் 1.6 வோல்ட் ஒயரிலேயே காலி. சித்திரை வெயிலில் பேனல் கொதிக்கும்போது அது தருவதே பதினைந்தரை வோல்ட் சுமார்தான். 1.6 போனால் பேட்டரி 14.2-ஐத் தொடத் திணறும். தொடாவிட்டால் செல்கள் சமமாகாது. சமன் செய்கிற வேலை சார்ஜின் கடைசித் துளியில்தான் நடக்கிறது. 4 ஸ்கொயர் ஒயர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்கு இறங்கும். வித்தியாசக் காசைக் கொடுத்து மாற்றி வாங்குங்கள். 16,500 ரூபாய்ப் பொருளுக்கு இந்த இடத்தில் மிச்சம் பிடித்தது தப்பு. அடைமழைக்குப் பிறகு இரண்டு பகல் லோடு எதுவும் போடாமல் பேட்டரியை முழுசாக நிறைய விடுவதும் செல்லுக்கு நல்லது.

ஃபேன் இந்த செட்டிலேயே பலவீனமான பாகம். அதன் போர்டை ரெசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். போனால் போனதுதான், பட்டறையும் முழு ஃபேனைத்தான் மாற்றும்.

காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இரண்டு சோதனை. பேனலைக் கழற்றி உச்சி வெயிலில் மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் ரேஞ்சில் நேராக வையுங்கள். நாலரை ஆம்பியர் ஒட்டி வர வேண்டும். 3 ஆம்பியர்தான் வருகிறது என்றால் அது 50 வாட் பேனல், ஸ்டிக்கர் மட்டும் 75. அடுத்தது பேட்டரி. முழு சார்ஜில் சாயங்காலம் மூன்று விளக்கு, ஃபேன் எல்லாம் போட்டுவிடுங்கள், மொத்தம் 29 வாட். பத்து மணி நேரத்தை ஒட்டி ஓட வேண்டும். ஒன்பதுக்கு முன்னால் நின்றால் செல் சொன்ன அளவு இல்லை.

பொருத்தும்போது வரிசை முக்கியம். முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் விளக்கு. கழற்றும்போது இதற்குத் தலைகீழ். பேனல் இணைப்பில் இருக்கையில் பேட்டரியைப் பிடுங்கினால் மேலே சொன்ன 22 வோல்ட் கதைதான். பேனலைத் தெற்கு பார்த்து 12 முதல் 15 டிகிரி சாய்வில் வைக்க வேண்டும். படுக்க வைத்தால் தூசி கழுவாது. தென்னையோ பலாவோ காலை பத்து மணிக்கு மேல் ஒரு ஓரத்தில் நிழல் போட்டாலும் பாதி கரண்ட் போய்விடும். கம்பத்தை இரண்டடி நகர்த்தச் சொல்லத் தயங்காதீர்கள்.

பெட்டியை அடுப்புக்கு எதிர்ச் சுவரில், ஐந்தடி உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். விறகுப் புகை டெர்மினலில் படிந்தால் பச்சை பூக்கும். காற்றோட்ட ஓட்டைகளுக்குக் கொசுவலைத் துண்டு ஒன்று உள்பக்கமாக ஒட்டுங்கள். வெதுவெதுப்பான போர்டு எறும்புக்குப் பிடித்த இடம், பட்டறை இன்னும் அந்த ஓட்டைகளைத் திறந்தேதான் விடுகிறது.