அந்தமான் எலிஃபண்ட் பீச் ஸ்பீட் போட் டூர்: பேக்கேஜ்ல சேர்த்து காசு கட்டுறதுக்கு முன்னாடி இத படிங்க

அந்தமானுக்கு டிக்கெட் போட்டு வச்சிருக்கவங்க, அதுலயும் ஹேவ்லாக் தீவுல எலிஃபண்ட் பீச் ஸ்பீட் போட், ஸ்நோர்க்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிட்டு மிதந்துட்டே கடலுக்கடில பாக்குறது) எல்லாம் பேக்கேஜ்லயே இருக்குனு நிம்மதியா இருக்கவங்க கொஞ்சம் பொறுமையா இத படிங்க. நீளமாத்தான் இருக்கும். ஏஜென்ட் பேரு போடல, புகார் போயிருக்கு, அதுவுமில்லாம பேரு தெரிஞ்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, நாளைக்கே வேற பேர்ல வேற லோகோ போட்டு வருவாங்க, அவங்க பண்ற வேலை என்னனு தெரிஞ்சாதான் உங்களுக்கு உபயோகம்.

திருச்சிலேர்ந்து போனோம், நான், வீட்டுக்காரம்மா, எட்டு வயசு பையன், கூட எங்க அக்காவும் மாமாவும். ஹோட்டல், கப்பல் டிக்கெட், கார் எல்லாம் ஒரு ஏஜென்ட்கிட்டயே குடுத்தாச்சு. அதுல ஹேவ்லாக்குக்கு மட்டும் தனியா ஒரு லைன் வாட்ஸப்ல அனுப்புனாரு, ஹாஃப் டே ஸ்பீட் போட் டூர், எலிஃபண்ட் பீச், கைடோட ஸ்நோர்க்கலிங், தண்ணிக்குள்ள எடுக்குற ஃபோட்டோ, ஆல் இன்க்லூடட், ஆளுக்கு 2500. அஞ்சு பேருக்கு 12,500. கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேனு மாமா கேட்டதுக்கு, "அண்ணே சீசன் டைம்ண்ணே, அங்க போய் நின்னா போட்டே கிடைக்காது, நம்ம ஊர் ஆளுங்கள அங்க போய் அலைய விடுவனா, நீங்க வந்து இறங்குங்க மத்தத நான் பாத்துக்குறேன்"னு ஒரே பாசம். போர்ட் பிளேர் போனவங்களுக்கு தெரியும் (2024ல ஸ்ரீ விஜயபுரம்னு பேரு மாத்திட்டாங்க, ஆனா நம்மாளுங்க யாரும் அப்படி சொல்லி நான் கேக்கல), பஜார்ல, ஹோட்டல்ல, ஆட்டோல எங்க பாத்தாலும் தமிழ் பேசுவாங்க, அதனாலயே இவரும் நம்மள மாதிரி ஒருத்தர்தானேனு மனசு இளகிடுது, இந்த யாவாரத்துக்கு முதலீடே அதுதான்.

காலைல ஏழரைக்கு ரெடியா இருக்க சொன்னாங்க. அங்க அஞ்சு மணிக்கே பளிச்சுனு விடிஞ்சிரும், சாயங்காலம் அஞ்சரைக்குள்ள இருட்டிரும், அதனால கடல்ல எத பண்றதா இருந்தாலும் காலைலயே பண்ணிடணும், காத்து ஏறாம தண்ணி தெளிவா இருக்கறதும் அப்பதான். கார் வந்தது எட்டே கால். ஜெட்டில (போட் ஏறுற துறை) ஒரு பையன் எங்க ஆதார் ஜெராக்ஸ வாங்கிட்டு போனவன் போனவன்தான், எங்கள மாதிரி இன்னும் இருபது முப்பது பேரு வெயில்ல உக்காந்துருக்காங்க, கண்ணு முன்னாடியே போட்டு போட்டா கிளம்பி போகுது, கேட்டா "நெக்ஸ்ட் சார், நெக்ஸ்ட்". நாங்க ஏறும்போது மணி பத்தே கால். ஹாஃப் டே கணக்கு ஏழரைலேர்ந்து ஓடிட்டு இருக்குனு அப்ப எங்களுக்கு தெரியாது.

லைஃப் ஜாக்கெட் விஷயத்த தனியா சொல்லியே ஆகணும். போட்ல ஏறுறப்ப தூக்கி தூக்கி போட்டாங்க. எனக்கு வந்ததுல மூணு பக்கிள்ல ஒண்ணுக்கு வாயே இல்ல, கயிறு போட்டு முடிச்சு போட்டிருந்துச்சு. பையனுக்கு பெரியவங்க சைஸ், கைய தூக்குனா ஜாக்கெட் காதுக்கு மேல போகுது, இத போட்டுட்டு தண்ணில விழுந்தா ஜாக்கெட் மட்டும்தான் மிதக்கும். சின்ன சைஸ் குடுங்கனு கேட்டா, "குச் நஹி ஹோகா" (ஒண்ணும் ஆகாது)ங்கறான். எங்க அக்கா இறங்கிட்டா. "எம்புள்ளைக்கு சின்ன ஜாக்கெட் வர வரைக்கும் இந்த போட்டு கிளம்பாது"னு கைப்பிடிய பிடிச்சுட்டு ஜெட்டிலயே நின்னுட்டா (அண்ணன் தம்பி புள்ளைனா அத்தைங்களுக்கு வர்ற கோவம் தனி). அஞ்சு நிமிஷத்துல பக்கத்து போட்லேர்ந்து ஒண்ணு வந்துச்சு. அதாவது சின்னது இருக்கு, கேட்டாதான் வரும். 2014 ஜனவரி 26 அன்னிக்கு போர்ட் பிளேர் பக்கத்துல ராஸ் தீவுலேர்ந்து நார்த் பே போற வழில டூரிஸ்ட் போட்டு கவுந்து இருபது பேருக்கு மேல செத்தாங்க, அதுல காஞ்சிபுரம் பக்கத்துலேர்ந்து போனவங்க நிறைய, அளவுக்கு மேல ஆள் ஏத்துனதுதான் அப்ப முக்கியமா பேசப்பட்ட விஷயம். அத படிச்சவ எங்க அக்கா, அதனாலதான் அந்த பிடிவாதம்.

போட் பயணம் இருபது இருபத்தஞ்சு நிமிஷம், அத பத்தி குறை ஒண்ணும் இல்ல, கரையோரம் பூரா காடு, தண்ணி கலரு என்ன சொல்றது, அழகு. அந்த பீச்சுக்கு அந்த பேரு வந்ததே முன்னாடி மரம் இழுக்க யானைங்கள வச்சிருந்ததாலனு சொல்வாங்க, 2004 சுனாமில சாஞ்ச பெரிய பெரிய மரமெல்லாம் இன்னமும் வேரோட வெளுத்து கிடக்கு. எறங்குனதும் போட்காரன் ஒண்ணு சொன்னான் பாருங்க, பன்னெண்டு மணிக்கு எல்லாரும் போட்ல இருக்கணும், லேட் ஆனா விட்டுட்டு போயிருவேன், வேற போட்ல காசு குடுத்து வரணும். அப்ப மணி பதினொண்ணுக்கு பத்து நிமிஷம். அரை நாள் டூருக்கு கரைல ஒரு மணி நேரம் பத்து நிமிஷம், டிரஸ் மாத்துறது, லைன்ல நிக்கிறது எல்லாம் அதுக்குள்ள.

இனிமேதான் மெயின் பிச்சர். மணல்ல ஒரு டேபிள், அதுல ஒரு லேமினேட் பண்ண அட்டை. எங்க ஏஜென்ட் பேர சொன்னதும் "ஓகே, காம்ப்ளிமென்ட்ரி"னு ஒரு டோக்கன் குடுத்தாங்க. காம்ப்ளிமென்ட்ரினா பத்து நிமிஷம், கரையோரத்துல ஒரு ரவுண்டு. மீனு பவளம் எல்லாம் இருக்கற எடத்துக்கு போகணும்னா அதுக்கு பேரு லாங் ரைடு, ஆளுக்கு 1000. ஃபோட்டோ வீடியோ 800. கண்ணாடி போட் தனி, ஜெட் ஸ்கி தனி, தலைல ஹெல்மெட்ட மாட்டி கடலுக்கடில நடக்க விடுறாங்களே சீ வாக், அதுக்கு 3500. எல்லாம் இன்க்லூடட்னு வாட்ஸப் மெசேஜ காட்டுனேன். அந்த பையன் அத படிக்கக்கூட இல்ல, "அது உங்க ஏஜென்ட்கிட்ட கேளுங்க சார், எங்களுக்கு வந்தது ஃப்ரீ டோக்கன் மட்டும்தான்". சரி ஏஜென்ட்டுக்கு போன் போடலாம்னா டவரே இல்ல. சென்னைலேர்ந்து கடலுக்கடில 2300 கிலோமீட்டர் கேபிள் போட்டு 2020ல திறந்து வச்சாங்க, ஹேவ்லாக் வரைக்கும் அந்த லைன் வருது, ஆனா அந்த பீச்சுல என் போன்ல ஒரு புள்ளி கூட ஏறல. யூபிஐ போகாது, கேஷ் மட்டும்னு அட்டையிலயே எழுதிருந்துச்சு, ஆக டவர் இல்லாதது அவங்களுக்கு தெரியாத விஷயம் இல்ல.

ஃப்ரீ ரவுண்டுக்கே போனோம். மாஸ்க்க ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுல முக்கி எடுத்து குடுக்கறாங்க, அந்த பக்கெட்டு தண்ணி மாத்தி எவ்வளவு நேரம் ஆச்சோ, மேல ஒரு நுரை, ஒரு நீள தலைமுடி. வாயில கடிக்கற ரப்பர் இருக்குல்ல, எனக்கு குடுத்ததுல ரெண்டு கடிபிடில ஒண்ணு பிஞ்சு போயிருந்துச்சு, இன்னொண்ணுல யாரோ பல்லு பதிஞ்ச குழி அப்படியே இருக்கு, நாக்குல பட்டதும் குமட்டிருச்சு. பையனுக்கு பெரியவங்க மாஸ்க், கன்னத்துல கேப்பு, ரெண்டு செகண்டுல மூக்குக்குள்ள உப்புத்தண்ணி, அழுதுட்டே வெளிய வந்துட்டான், அவன் கணக்கு அதோட முடிஞ்சுது. அவனோட டோக்கன அக்காவுக்கு சேர்த்து குடுங்கனு கேட்டா முடியாதாம், யூஸ் ஆயிருச்சாம்.

மத்தவங்கள ஒரு டயர் ட்யூப்ப பிடிச்சுக்க சொல்லி கைடு இழுத்துட்டு போறாரு. இடுப்பளவு தண்ணில மணலு கலங்கி கிடக்கு, கீழ பாத்தா சாம்பல் கலர்ல உடைஞ்ச பவளம், செத்தது. அந்தமான் பவளத்துக்கு 2010ல ஒரு பெரிய அடி, கடல் சூடாகி வெளுத்து போச்சு, அதெல்லாம் இயற்கை, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா மிச்சம் மீதி உயிரோட இருக்கறது மேல அந்த கைடே கால ஊனி நிக்கிறாரே, அத என்ன சொல்ல? வீடியோவுக்கு மீன் கூடணும்னு பாக்கெட்ட பிரிச்சு பிஸ்கட்ட நொறுக்கி போடறாரு, வரி வரியா இருக்கற சின்ன மீனுங்க மொய்க்குது, டக்குனு கேமராவ ஆன் பண்ணி நம்ம தலைய அதுக்குள்ள அமுக்கறாரு, முடிஞ்சுது. பவளப்பாறை வனவிலங்கு சட்டத்துல புலிக்கு குடுத்த அதே முதல் அட்டவணைல இருக்கு, ஒரு துண்ட எடுத்து பைல போட்டா கூட கேஸ். மிதிச்சு உடைக்கறத மட்டும் யாரும் கண்டுக்கறதில்ல போல.

நான் வாட்ச்ச பாத்துட்டே இருந்தேன், ஏழு நிமிஷம் ஆகும்போது ட்யூப் கரைக்கு திரும்பிருச்சு. திரும்பற வழி பூரா கைடு ஒரே பாட்டு, "சார் லாங் ரைடு போங்க சார், இங்க ஒண்ணும் இல்ல சார், அங்க போனாதான் சூப்பர் மீனு சார்". அதான் இந்த ஃப்ரீ ரவுண்டோட வேலையே, ஒண்ணும் இல்லாத எடத்த காட்டி ஏங்க வச்சு அங்க போக காசு வாங்கறது. மாமா கோவத்துல "எவ்வளவுடா உனக்கு, இந்தா"னு 1000 குடுத்து அவரு மட்டும் போயிட்டு வந்தாரு. உண்மைய சொல்லணும், அந்த எடம் நல்லா இருந்துச்சாம், கிளி மீனு, பெரிய மூளை மாதிரி பவளம், எல்லாம் பாத்துருக்காரு. அதனால எலிஃபண்ட் பீச்சே வேஸ்ட்டுனு நான் சொல்ல மாட்டேன். வீடியோவுக்கும் குடுத்தாரு, ராத்திரி ரூமுக்கு வந்து பாத்தா அதுல பாதி வேற யாரோ எப்பவோ எடுத்த மீனு, ஆமை, நடுவுல மூணு செகண்டு மாமா கட்டைவிரல தூக்கி காட்டறாரு.

திரும்பி வரப்ப போட்ல பக்கத்துல ஒரு கல்கத்தா ஜோடி. பேச்சுவாக்குல கேட்டேன், அவங்க முந்தின நாள் சாயங்காலம் ஜெட்டிலயே நேரா பேசி எடுத்துருக்காங்க, ஆளுக்கு 1200. அதே போட்டு, அதே சீட்டு, அதே பத்து நிமிஷ டோக்கன். எங்ககிட்ட வாங்குன மீதி 1300 எதுக்குனு இன்னி வரைக்கும் யாரும் சொல்லல.

ஹோட்டல் வந்து போன் போட்டா அங்கதான் வேடிக்கை. எங்க ஏஜென்ட், "அண்ணே நான் ஃபுல்லா பே பண்ணிட்டேன், ஹேவ்லாக் பார்ட்டிதான் சொதப்பிருக்கான்". ஹேவ்லாக் பார்ட்டிக்கு போட்டா, "எங்க வேலை போட்ல ஏத்தி விடுறது மட்டும்தான்". போட்காரன், தண்ணிக்குள்ள நடக்கறது எனக்கு சம்பந்தமில்லங்கறான். ஸ்நோர்க்கலிங் டேபிள் ஆளுங்க தனி குரூப்பு, அவங்க ஏஜென்ட்ட கைகாட்டறாங்க. நாலு பேரு, நாலு பாக்கெட்டு, காசு மட்டும் எல்லாத்துக்குள்ளயும் கரெக்டா போயிருக்கு. கிணத்துல போட்ட கல்லு மாதிரி நம்ம கம்ப்ளைன்ட்டு எந்த பக்கமும் சத்தமே இல்ல.

இப்ப போறவங்களுக்கு. ஹோட்டலும் கப்பலும் பேக்கேஜ்ல எடுங்க, பரவால்ல, போட் டூர மட்டும் அதுலேர்ந்து வெட்டி எடுத்துட சொல்லுங்க. ஹேவ்லாக் போய் இறங்குன அன்னிக்கே ஜெட்டில விசாரிச்சு மறுநாள் முதல் ட்ரிப்புக்கு பேசிக்கோங்க, கரைல எவ்வளவு நேரம் விடுவீங்கனு கேட்டு அத ரசீதுல எழுதி வாங்குங்க, எழுதி தர மாட்டேன்னா அடுத்த ஆளு. ஏற்கனவே பேக்கேஜ்ல கட்டியாச்சுனா, ஸ்நோர்க்கலிங் எத்தனை நிமிஷம், எந்த எடம், ஃபோட்டோ எத்தனை, இந்த மூணையும் ஏஜென்ட்கிட்ட எழுத்துல வாங்கி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, அங்க டவர் இருக்காது. கைல கேஷ் வச்சிருங்க. அப்புறம் மாஸ்க்கும் ஸ்நோர்க்கலும் ஊர்லேர்ந்தே வாங்கிட்டு போயிருங்க, பிள்ளைங்க இருந்தா கட்டாயம், அவங்க சைஸ் அங்க கிடைக்கும்னு நம்பாதீங்க. கடைல மாஸ்க்கோட பட்டைய மாட்டாம சும்மா முகத்துல வச்சு மூக்கால மூச்ச இழுத்து பாருங்க, கைய விட்டாலும் ஒட்டிட்டு நின்னா அதான் உங்க சைஸ். மீசை வச்சிருக்கவங்களுக்கு கொஞ்சம் தண்ணி கசியத்தான் செய்யும்.

போட் வேண்டாம்னா ராதாநகர் பீச்சுக்கு போற ரோட்லேர்ந்து காட்டுக்குள்ள நடந்தும் அந்த பீச்சுக்கு போகலாம், கைடோட, ரெண்டு கிலோமீட்டர் அளவுக்கு வரும். மழை பேஞ்சா சேறு, வயசானவங்களுக்கு ஆகாது. எங்க அக்கா அடுத்த தடவ அப்படித்தான்ங்கறா, மாமா அடுத்த தடவையே இல்லங்கறாரு.

புகார் எப்படி குடுக்கறதுனு தெரியாதவங்களுக்கு: 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், அதுல பதிவு பண்ணி நம்பர் வாங்கிட்டேன். அந்தமான்ல நடந்ததுக்கு அந்தமான் போய்தான் கேஸ் போடணும்னு இல்ல, 2019 சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே நுகர்வோர் கமிஷன்ல போடலாம், குடுத்த காசு அஞ்சு லட்சத்துக்குள்ளனா கோர்ட் ஃபீஸும் கிடையாது, ஈ-ஜாக்ரிதினு சைட்ல ஆன்லைன்லயே ஃபைல் பண்ணலாம். ஹெல்ப்லைன் புகார் போன மறுநாளே ஏஜென்ட் கூப்பிட்டு, "அண்ணே 3000 போட்டு விடுறேன், வாபஸ் வாங்கிருங்க"ன்னாரு. 6500ம், ஸ்நோர்க்கலிங் குடுக்காததுக்கு தனியாவும் வந்தா பேசலாம்னு சொல்லிருக்கேன். அதுக்கப்புறம் போன் எடுக்கல, திருச்சி கமிஷனுக்கு பேப்பர் ரெடி ஆயிட்டு இருக்கு. இதே மாதிரி யாருக்காவது நடந்துருந்தா, வாட்ஸப் மெசேஜும் பணம் அனுப்புன ஸ்க்ரீன்ஷாட்டும் இருந்தா அழிச்சிடாதீங்க, எனக்கு இப்ப அது ரெண்டு மட்டும்தான் கைல இருக்கு.