அல்சூர் மாலை ட்யூஷன்: கத்தல் இல்லை, ஸ்கேல் இல்லை

பையன் மூன்றாம் வகுப்பு. பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிற இந்த ட்யூஷனில் ஜூன் மாதம் சேர்த்தோம். பாடம் நன்றாகவே நடத்துகிறார்கள், அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது பிள்ளைகளை எப்படி நடத்துகிறார்கள் என்பதை.

முன்னால் போன இடத்தில் எதற்கெடுத்தாலும் ஸ்கேல்தான். பக்கத்துப் பையனோடு பேசினால் ஒருநாள் அடி, மறுநாள் கண்டுகொள்ள மாட்டார்கள், எல்லாம் மிஸ்ஸின் மூடைப் பொறுத்தது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது, ஆனால் அது பள்ளிகளுக்கு. வீட்டு மாடியில் நடக்கிற ட்யூஷனை யார் எட்டிப் பார்க்கிறார்கள்? "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிங்க" என்று சொல்லிவிட்டுப் போகிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள், அதுதான் வருத்தம்.

இங்கே சுவரில் நாலே விதி, தமிழிலும் கன்னடத்திலும். விதியை ஒட்டிவைத்தால் மட்டும் வகுப்பு மாறாது என்று மேட்சன், பெக்கர், தாமஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மூவரும் 1968-லேயே ஆய்வு செய்து எழுதிவிட்டார்கள். நல்லதைப் பாராட்டி, சின்னக் குறும்பைக் கண்டுகொள்ளாமல் விட்டபோதுதான் பலன் தெரிந்தது. அதை இங்கே கண்ணால் பார்த்தேன். ஒரு பையன் முன் பெஞ்சை உதைத்துக்கொண்டே இருந்தான். மிஸ் கணக்கை நிறுத்தவில்லை, பேசிக்கொண்டே அவன் பக்கம் போய் நோட்டில் விட்ட வரியில் விரலை வைத்தார், அவ்வளவுதான். அவன் எழுத ஆரம்பித்ததும் குனிந்து, "ஸ்டெப் எல்லாம் விடாம எழுதியிருக்கியே, இதான் வேணும்" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். இன்னொரு மிஸ்ஸும் அதேதான் செய்கிறார். இன்று ஒரு நியாயம், நாளைக்கு ஒரு நியாயம் என்பது கிடையாது, யார் பிள்ளையாக இருந்தாலும் சரி. என் பையன் குறுக்கே பேசியதற்கு ஐந்து நிமிடம் முன்னால் உட்கார வேண்டியிருந்தது. முடிந்ததும் முடிந்தது, வாசலில் வைத்து என்னிடம் புகார் வாசிக்கவில்லை.

குறை என்றால் ஸ்டிக்கர். ஒவ்வொரு கணக்குக்கும் கொடுத்ததில் வீட்டிலும் "ஸ்டிக்கர் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்தான். சொன்னதும் வாரத்துக்கு ஒன்று என்று குறைத்துவிட்டார்கள். அறையும் நெருக்கடி, இன்னும் ஆள் சேர்த்தால் இந்தக் கவனம் நிற்காது.

அப்புறம், சனிக்கிழமை புதிதாக வருகிற மிஸ்ஸுக்கும் இதே முறையைச் சொல்லிக்கொடுங்கள். போன வாரம் அவர் கத்தியது தெருவரைக்கும் கேட்டது.