எட்டு ஆண்டுகளாக ஒரு நுரைக்குவளையோடு: படிவம் ஐந்து வெப்ப வேதியியல்

மலேசியாவின் பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் நான், பதினேழு வயது மாணவர் படிக்கும் படிவம் ஐந்தின் மூன்றாம் பாடமான வெப்ப வேதியியலுக்கு, ஒன்றனுள் ஒன்றாகச் செருகிய இரண்டு பாலிஸ்டைரின் குவளைகளையும் ஓர் அட்டை மூடியையுமே எட்டு ஆண்டுகளாகக் கலோரிமானியாக, அதாவது வினையில் வெளியாகும் அல்லது உறிஞ்சப்படும் வெப்பத்தை அளக்கும் கலமாக, பயன்படுத்தி வருகிறேன். உணவுக்கடைகளில் நுரைப்பெட்டிகளுக்கு இங்கே தடை வந்தபின் புதிய குவளைகள் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், பழையவற்றைக் கழுவிக் காயவைத்துக் காப்பாற்றி வருகிறேன். விரைவில் காயட்டும் என்று ஒருமுறை ஒரு மாணவர் அசிட்டோனை ஊற்றிவிட, நான்கு குவளைகள் கண்ணெதிரே கரைந்து களியாயின.

துல்லியத்தில் எனக்குக் குறையில்லை. ஒரு மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்; மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைக் கொண்டு பொருளை அளக்கும் அலகு) செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்திலும் சோடியம் ஐதராக்சைடிலும் 50 கனசென்டிமீட்டர் வீதம் கலந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6.8 பாகை உயர வேண்டும், எங்களுக்கு 6.5 பாகை கிடைக்கிறது. நடுநிலையாக்கல் வெப்பமாக, அதாவது அமிலமும் காரமும் சேர்ந்து ஒரு மோல் நீர் உருவாகும்போது வெளியாகும் வெப்பமாகக் கணக்கிட்டால், அது மோலுக்கு 54.6 கிலோஜூல், ஏற்கப்பட்ட மதிப்போ 57. குவளை தானே உறிஞ்சும் வெப்பம் மிகச் சிறிது என்பதால் அதைக் கணக்கில் விட்டுவிடலாம். ஆனால் ஒரு பாகைக் கோடுகள் மட்டும் உள்ள கண்ணாடி வெப்பமானியைக் கொண்டு அளந்த நாள்களில், தொடக்கத்தில் அரைப் பாகையும் முடிவில் அரைப் பாகையும் பிசகி, குழுவுக்கு ஒரு விடை வந்தது. 0.1 பாகை காட்டும் மின்னணு வெப்பமானிக்கு மாறிய பின் அந்தச் சிதறல் குறைந்தது. அதன் கூர்முனை மட்டும் இரண்டு முறை உட்குவளையைத் துளைத்துவிட்டது.

இந்த எளிய கருவி எனக்கு மிகவும் உதவியது வேறோர் இடத்தில். செறிவை இரண்டு மோலாராக்கினால் நடுநிலையாக்கல் வெப்பமும் இரட்டிக்கும் என்று ஏறக்குறைய எல்லா மாணவரும் எழுதுவர். குவளையில் செய்து பார்த்தால் வெப்பநிலை உயர்வு இரட்டிக்கிறது. ஆனால் உருவான நீரின் மோல்களும் இரட்டித்திருப்பதால் மோலுக்கான மதிப்பு மாறுவதில்லை. அடுத்து, செறிவை மாற்றாமல் இரு கரைசல்களின் பருமனையும் இரட்டித்தால், வெளியாகும் வெப்பம் இரட்டித்தும் வெப்பநிலை உயர்வு அப்படியே நிற்கிறது. இவ்விரண்டையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்துச் செய்யும்வரை, வெப்பமும் வெப்பநிலையும் வேறு என்பது பலருக்கு மனத்தில் ஏறியதில்லை. வீட்டுத் தமிழில் இரண்டுமே 'சூடு'தான். டுரியான் தின்றால் உடம்புக்கு வருவதும் சூடுதான். மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெப்பங்கொள் வினைக்கு யூரியா போதும். 100 கனசென்டிமீட்டர் நீரில் 20 கிராம் கரைத்தால் எட்டு, ஒன்பது பாகை இறங்குகிறது. "வெப்பத்தை உள்ளே எடுத்தால் சூடாகத்தானே வேண்டும், சார்?" என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார். யூரியா கரைவதற்கு வேண்டிய ஆற்றல் அந்த நீரிடமிருந்தே எடுக்கப்படுகிறது, வெப்பமானி காட்டுவது கொடுத்தவரின் நிலையை என்று சொல்வேன்.

எரிதல் வெப்பத்துக்கு மட்டும் இக்குவளை உதவாது, சுடரின் மேல் வைக்க வேண்டியிருப்பதால் செப்புக்கலமே வேண்டும். 200 கனசென்டிமீட்டர் நீரை 30 பாகை உயர்த்த எங்களுக்கு 1.6 கிராம் எத்தனால் செலவானது. அது மோலுக்கு ஏறத்தாழ 725 கிலோஜூல், உண்மையான 1366இல் பாதியைச் சற்றே தாண்டுகிறது. காற்றுத் தடுப்பை வைத்து, புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு மின்விசிறியை நிறுத்தியே இந்த அளவு கிடைத்தது.