திருகோணமலை இஸ்லாமிய நாகரிக வகுப்பு: மூன்று மாதம் மகளை அனுப்பிப் பார்த்ததில்

மகள் உயர்தரம், கலைப்பிரிவு, அதில் இஸ்லாமிய நாகரிகம் ஒரு பாடம். முதலில் போன வகுப்பில் உமையாக் கலீபாக்களின், அதாவது 661 முதல் 750 வரை முஸ்லிம் பேரரசை ஆண்ட உமையா வம்சத்து ஆட்சியாளர்களின், பெயரையும் ஆண்டையும் வரிசையாகப் பாடமாக்கச் சொன்னார்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதனால்தான் கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி டவுனில் ஒரு மாடியில் நடக்கும் இந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு மாற்றினேன். கூட்டிப் போய்க் கூட்டி வருவது நான்தான், பின் வாங்கில் இருந்து பாதிப் பாடத்தை நானும் கேட்டுவிட்டேன்.

661இல் முஆவியா (ரலி) ஆட்சிக்கு வந்ததையும் டமஸ்கஸ் தலைநகரானதையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு சேர் நேரே காசுக்குப் போனார். மஞ்சள் மட்டையில் வட்டமாக வெட்டி, உமையாக் கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் அடித்த தீனார் என்ற தங்கக் காசின் எழுத்தைப் போட்டோகொப்பி எடுத்து ஒட்டி, ஆளுக்கொன்று கொடுத்து வாசிக்கச் சொன்னார். கூஃபி என்ற பழைய அரபு எழுத்து, புள்ளியும் இல்லை, ஒருவருக்கும் பிடிபடவில்லை. மகள் விரலை வைத்து மெல்ல மெல்ல எழுத்துக் கூட்டிப் பார்த்தவள், திரும்பி என்னைப் பார்த்து, "வாப்பா, இது குல்ஹுவல்லாஹு சூரா!" என்றாள். ஐந்து வயதில் அவள் ஓதப் பழகிய குர்ஆன் அத்தியாயம், 1300 வருடத்துக்கு முந்திய காசில் இருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதுவரை அந்த நாடுகளில் புழங்கியது பைசாந்தியப் பேரரசரின் உருவம் போட்ட தங்கக் காசும், பாரசீக அரசரின் தலையும் நெருப்புப் பீடமும் போட்ட வெள்ளிக் காசும். புதுத் தீனாரில் உருவமே கிடையாது, கலீபாவின் பெயர்கூட இல்லை. எடை 4.25 கிராம், அதாவது நம் கணக்கில் அரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேல். சேர் இப்படிச் சொன்ன பிறகு எந்தப் பிள்ளைக்கு மறக்கும்? சிரியாவில் கிரேக்கத்திலும் ஈராக்கில் பாரசீகத்திலும் இருந்த அரசாங்கக் கணக்கை அரபுக்கு மாற்றியதும் இதே அப்துல் மலிக் காலத்தில்தான். நாம் தினமும் சொல்கிற வசூல், பாக்கி, அசல், நகல் எல்லாம் அரபு வேர் உள்ள சொற்கள் என்று பலகையில் எழுதிக் காட்டினார்.

நம்ம தீவும் பாடத்தில் வருகிறது. இங்கே இறந்துபோன முஸ்லிம் வியாபாரிகளின் பெண்மக்களை 'மாணிக்கத் தீவு' அரசன் உமையாக்களின் ஈராக் ஆளுநர் ஹஜ்ஜாஜிடம் கப்பலில் அனுப்பியதையும், சிந்துத் துறைமுகமான தேபலைச் சேர்ந்த கொள்ளையர் வழியில் அதைப் பிடித்ததையும், அதன் பிறகு முஹம்மது பின் காசிமின் சிந்துப் படையெடுப்பு நடந்ததையும் பழைய வரலாற்றாசிரியர் பலாதுரி எழுதி வைத்திருக்கிறார். அன்றைக்கு வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

புகழ்ச்சி மட்டும் பாடுகிற வகுப்பும் இல்லை. நபியின் பேரர் ஹுஸைன் (ரலி) உமையாப் படையால் கொல்லப்பட்ட 680 கர்பலாவை மழுப்பாமல் சொன்னார். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான ஜிஸ்யா வரியை இஸ்லாத்துக்கு வந்தவர்களிடமும் வாங்கிய அநியாயத்தையும், கலீபா உமர் பின் அப்துல் அஸீஸ் அதை நிறுத்தியதையும் ஒரு முழு வகுப்பு எடுத்து விளக்கினார். எனக்கு இந்த ஒன்றுக்காகவே அவர் மேல் மரியாதை.

குறை என்றால், குறிப்புத் தாளில் உள்ள வரைபடங்கள் கரி பூசிய மாதிரி இருக்கின்றன, டமஸ்கஸ் எது கடல் எது என்று தெரியவில்லை. சொல்லியிருக்கிறேன், இன்னும் மாறவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு ஃபேன், மத்தியான வெயிலில் கஷ்டம்தான். ஐந்தரைக்கு முடிய வேண்டியது ஆறு தாண்டிவிடும், மூதூர், கிண்ணியாப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸை யோசித்துக்கொள்ளுங்கள், பெண்பிள்ளை என்றால் ஒருவர் கூடப் போவது நல்லது.

அடுத்த சனிக்கிழமை அந்தலூசியா (முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயின்) தொடங்குகிறது, 750இல் உமையாக்களைக் கவிழ்த்த அப்பாஸியரிடம் தப்பிய உமையா இளவரசர் அப்துர் ரஹ்மான் 756இல் கொர்தோபாவைப் பிடித்த கதையிலிருந்து. சேர்க்கிற எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள், பழைய குறிப்புகளை மகளிடம் வாங்கிக் கொப்பி எடுக்கலாம்.